அத்தியாயம் 7: மாடிவீடு வாங்குபவரின் விவரத்தாள்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் செலவுகளுள் பெரும்பாலும் மிகப் பெரியது வீடு வாங்கும் செலவே. அந்த வீடு இரண்டு மூன்று தளங்கள் கொண்டதாகவும், விற்பவரின் குடும்பம் தலைமுறைகளாகக் குடியிருந்து சிறிது சிறிதாக மேலே கட்டிச் சேர்த்ததாகவும் இருக்குமானால், வாங்குபவர் நிலத்தையும் சுவர்களையும் மட்டுமன்றி, அக்குடும்பத்தின் பாகப்பிரிவினை, கடன், அண்டை வீட்டாரோடு கொண்ட வழக்கம், கொத்தனாரின் திறமை, கிணற்றின் தன்மை ஆகிய அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறார். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடி வட்டத்தில் அமைந்த ஆலங்காயம் பேரூராட்சியையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் முன்னிறுத்தி, இத்தகைய வீட்டை வாங்கும் வழிமுறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

7.1 விவரத்தாள் என்பது யாது

ஜப்பானிய நகரங்களில் குறுகிய மனையில் மூன்று தளங்களாக உயரும் குடும்ப வீடுகள் மிகுதி. அத்தகைய வீடு முகவர் வழியே விற்பனைக்கு வரும்போது, 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மனை மற்றும் கட்டட வணிகச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே உரிமம் பெற்ற வல்லுநர் ஒருவர் வாங்குபவருக்கு ‘ஜூயோ ஜிகோ செட்சுமேய்’ எனப்படும் ‘முக்கிய விவர விளக்கம்’ அளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. பதிவேட்டில் உள்ள உரிமை, அடமானம், மனைக்கு முன்னுள்ள சாலை, கட்டட விதிகளின் கட்டுப்பாடு, குடிநீர் மற்றும் கழிவுநீர் வசதி ஆகியவற்றை எழுத்தில் தொகுத்து, வாய்மொழியாகவும் எடுத்துரைப்பதே அவ்விளக்கமாகும். 2018 முதல் பழைய வீடுகளில் கட்டட ஆய்வு நடந்துள்ளதா என்பதும், 2020 ஆகஸ்டு முதல் வெள்ள அபாய வரைபடத்தில் அவ்வீடு எங்கே இருக்கிறது என்பதும் அதில் சேர்ந்தன.

தமிழ்நாட்டில் தனி வீட்டின் மறுவிற்பனைக்கு இத்தகைய கட்டாய விளக்கம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்ககத் திட்டங்களையும் நோக்கியே இயற்றப்பட்டதால், ஒரு குடும்பம் தன் பழைய வீட்டை விற்பதை அது தொடுவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலோ உரிமையிலோ தமக்குத் தெரிந்துள்ள முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆயினும் அக்கடமை, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குபவரே கண்டறிந்திருக்கக்கூடிய குறைகளுக்குப் பொருந்தாது. பார்த்திருக்க வேண்டியதைப் பாராதவரின் இழப்பு அவரையே சேரும் என்பதே இதன் பொருள்.

ஆதலால், ஜப்பானில் முகவர் எழுதிக் கொடுக்கும் தாளை இங்கே வாங்குபவர் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். இந்நூலில் அத்தாள் ‘விவரத்தாள்’ எனப்படுகிறது. அதில் நிலம், உரிமை, குடியிருப்போர், அனுமதி, கட்டடம், நீரும் மின்சாரமும், பணம் என ஏழு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் எழுதப்படும் செய்திக்கு எதிரே அதற்கு ஆதாரமான ஆவணத்தின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத இடம் வெற்றிடமாகவே விடப்பட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் எத்தனை வெற்றிடங்கள் எஞ்சியுள்ளன என்பதே வீட்டின் உண்மையான நிலையைக் காட்டும்.

7.2 நிலம்: ஊரின் பெயரும் நிலத்தின் வகையும்

ஆலங்காயம் பகுதியின் பழைய பத்திரங்களைப் படிப்பவர் முதலில் எதிர்கொள்வது மாவட்டப் பெயர்களின் மாற்றமாகும். திருப்பத்தூர்ப் பகுதி 1911 வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் வட ஆற்காடு மாவட்டத்திலும் இருந்தது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தபின் எஞ்சிய பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனவும், பின்னர் வேலூர் மாவட்டம் எனவும் வழங்கப்பட்டது. 2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் மாவட்டம் செயல்படத் தொடங்கியது. எனவே ஒரே மனை வெவ்வேறு ஆண்டுகளின் பத்திரங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயர்களோடு காணப்படுவது இயல்பே. மாவட்டப் பெயர் மாறினாலும் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை ஆகியவை தொடர்ந்து பொருந்தி வருகின்றனவா என்பதைச் சரிபார்ப்பதே தேவையானது. நான்கெல்லை என்பது மனையின் நான்கு திசைகளிலும் யாருடைய நிலம் அல்லது எந்த வழி உள்ளது என்று பத்திரத்தில் எழுதப்படும் குறிப்பாகும்.

அடுத்து நிலத்தின் வகை. ‘பட்டா’ என்பது வருவாய்த் துறை தன் கணக்கில் ஒரு நிலத்தை யார் பெயரில் வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் சான்று. அ-பதிவேடு, நிலத்தின் வகைப்பாட்டையும் பரப்பையும் காட்டும் அடிப்படைக் கணக்கு. புல வரைபடம், சர்வே எண்ணின் எல்லைகளை அளவுகளோடு காட்டும் படம். இம்மூன்றும் தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைகளில் கிடைக்கின்றன. ஊர்க்குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட ‘நத்தம்’ நிலத்தில் அமைந்த பழைய வீடுகளுக்கு நத்தம் நிலவரித் திட்டத்தில் வழங்கப்பட்ட பட்டாவையும் அதன் அளவையும் தனியே கேட்டுப் பெற வேண்டும். அளவுகளைப் பொருத்திப் பார்க்கும்போது 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பத்திரத்தில் 5 சென்ட் என்றிருந்து, புல வரைபடத்தின்படி அளந்தால் 2,178 சதுர அடிக்குக் குறைவாக வருமானால், குறைந்த அளவுக்கே விலை பேசப்பட வேண்டும்.

மலைப்பகுதியில் இச்சோதனை இன்னும் கடுமையானது. ஜவ்வாது மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். இப்பெயர் தமிழ் பேசும் மலைவாழ் மக்களைக் குறிப்பதேயன்றி கேரளத்தவரைக் குறிப்பதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உரிமை வாரிசுகளுக்குச் செல்லுமேயன்றி விற்கத்தக்கதன்று. அரசு ஒப்படை செய்த நிபந்தனை நிலங்களும், ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் நிபந்தனையை மீறி விற்கப்பட்டால் அரசு திரும்பப் பெறக்கூடியவை. இந்நிலங்களின் உரிமை ஏழை மக்களின் வாழ்வாதாரத்துக்கான காப்பு. அதைக் குறைந்த விலைக்குக் கிடைத்த வாய்ப்பாகக் கருதி வாங்குபவர் சட்டத்தையும் மீறுகிறார், தம் பணத்தையும் இழக்கிறார். காவலூர் முதலிய மலையூர்களிலோ அவற்றின் சரிவிலோ வீடு பார்ப்பவர், அவ்வூர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகிறதா என்பதையும், மனை காப்புக்காட்டின் எல்லையைத் தொடுகிறதா என்பதையும் எழுத்து மூலம் உறுதிசெய்ய வேண்டும். கோயில் நிலமும் வக்பு நிலமும் அவ்வாறே விசாரிக்கத்தக்கவை.

ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. வீட்டு மனையில் சந்தன மரம் வளர்ந்திருந்தால், அதை உரிமையாளர் தம் விருப்பப்படி வெட்டவோ விற்கவோ இயலாது. 2008ஆம் ஆண்டின் பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி வனத்துறை வழியாகவே அது நடைபெற வேண்டும். மரத்தின் இருப்பையும் எண்ணிக்கையையும் கிரயப் பத்திரத்தில் குறிப்பிடுவது, பின்னாளில் மரம் காணாமற்போனால் எழும் வினாக்களிலிருந்து புதிய உரிமையாளரைக் காக்கும்.

7.3 உரிமை: பத்திரத் தொடரும் வாரிசுகளும்

பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனாலேயே உரிமை உறுதியாகிவிடுவதில்லை. விற்பவருக்கு உண்மையான உரிமை உண்டா என்று தீர்ப்பது பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சார்பதிவாளரின் பணியன்று என 2025 ஏப்ரல் 7 அன்று கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே இச்சோதனை முழுவதும் வாங்குபவரின் பொறுப்பாகிறது.

இதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. முதலாவது ‘தாய்ப்பத்திரம்’ தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய ஆவணங்களின் தொடர். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அதற்கான விளக்கம் ஆவணமாகக் கிடைக்க வேண்டும். இரண்டாவது ‘வில்லங்கச் சான்று’. அதாவது குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் பட்டியல். 1975 முதலான விவரங்கள் பெரும்பாலும் பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அதற்கு முற்பட்டவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். சர்வே எண்ணைக் கொண்டு தேடுவதோடு, பழைய உட்பிரிவு எண், கதவு எண் ஆகியவற்றைக் கொண்டும் தேடுவது நல்லது. வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும் என்பதால், அசல் பத்திரங்கள் அனைத்தையும் நேரில் பார்ப்பது கட்டாயம். நகல் மட்டும் காட்டப்படும் இடத்தில், அசல் கடனுக்காக வேறொருவரிடம் இருக்கக்கூடும் என்ற ஐயம் தீரும்வரை பணம் கைமாறக் கூடாது.

குடும்ப வீடுகளில் வழக்குக்கு மிகுதியாக இடந்தருவது வாரிசுரிமையே. தந்தை தம் உழைப்பில் வாங்கிய வீட்டை உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் அவருடைய தாய் ஆகியோர் சம பங்கு பெறுகின்றனர். மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற வீட்டின் மீது மகள்கள் பல ஆண்டுகள் கழித்தும் வழக்குத் தொடுக்க இடமுண்டு. மூதாதையர் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இலும், மைய அரசு 2005இலும் சட்டத் திருத்தம் வழியே உரிமை வழங்கின. அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020 ஆகஸ்டு 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோம், பெண்களுக்குப் பங்கில்லை’ என்று விற்பவர் கூறும் சொல் சட்டத்தின் முன் நிற்காது. திருமணமான சகோதரிகளும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும்.

வாணியம்பாடி வட்டாரத்தில் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளும் மிகுதியாக விற்பனைக்கு வருகின்றன. இஸ்லாமியச் சட்டத்தில் உரிமையாளர் இறந்த கணமே பங்குகள் வாரிசுகளைச் சேர்கின்றன. மகளின் பங்கு மகனின் பங்கில் பாதியாகும், பிள்ளைகள் உள்ள கைம்பெண்ணுக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. ‘ஹிபா’ எனப்படும் வாய்மொழித் தானமும், அறிவிப்பு, ஏற்பு, ஒப்படைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறினால் செல்லும் என்பதால், அப்படி ஏதேனும் நிகழ்ந்துள்ளதா என்று குடும்பத்தின் மூத்தோரிடம் கேட்டு, எழுத்தில் உறுதிமொழி பெறுவது தகும். கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். எச்சமயத்தவராயினும் இறப்புச் சான்றும் வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றும் விவரத்தாளில் இணைக்கப்பட வேண்டும். வாரிசுகளுள் 18 வயது நிறையாதவர் இருந்தால், அவருடைய தனிப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி இன்றியமையாதது.

பொது அதிகாரப் பத்திரம் பெற்ற முகவர் விற்பாரானால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கான மருத்துவரின் சான்று தேவை. அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை வாங்கிவிட்டதாகக் கருதுவது உரிமையைத் தராது என்பதை 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லேம்ப் வழக்கின் தீர்ப்பு நிலைநாட்டியது.

7.4 குடியிருப்போர்: வாடகையும் போக்கியமும்

பல தள வீட்டில் உரிமையாளர் ஒரு தளத்திலும் பிறர் மற்றத் தளங்களிலும் வாழ்வது பொதுவான வழக்கம். வாடகைக்கு இருப்போர் ஒரு வகை. ‘போக்கியத்துக்கு’ இருப்போர் இன்னொரு வகை. போக்கியம் அல்லது ஒத்தி என்பது, குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றி வாழ்ந்து, காலம் முடியும்போது அத்தொகையை முழுமையாகத் திரும்பப் பெறும் ஏற்பாடாகும். இது பெரும்பாலும் பதிவு செய்யப்படாத முத்திரைத்தாளில் எழுதப்படுவதால் வில்லங்கச் சான்றில் தெரிவதில்லை. உரிமையாளர் அத்தொகையைச் செலவிட்டுவிட்டு வீட்டை விற்றுச் சென்றால், மாடியில் இருக்கும் குடும்பம் பணம் கிடைக்கும்வரை வெளியேற மறுக்கும். அவர்களுடைய கோரிக்கையும் நியாயமானதே.

ஆகையால் வாங்குபவர் ஒவ்வொரு தளத்தின் கதவையும் தட்டி, அங்கு வாழ்வோரிடம் எந்த ஏற்பாட்டில், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை இருக்கின்றனர் என்று கேட்க வேண்டும். போக்கியத் தொகையை விலையிலிருந்து கழித்து, பதிவு நாளன்றே குடியிருப்பவரிடம் நேரடியாக வழங்கி, ரசீதும் சாவியும் பெறுவது எல்லோருக்கும் பாதுகாப்பானது. வாடகைதாரர் தொடர்வதாக இருந்தால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் செய்து பதிய வேண்டும்.

அண்ணன் தம்பிகள் தளவாரியாகப் பிரித்துக்கொண்ட வீட்டில் ஒரு தளம் மட்டும் விற்பனைக்கு வருமானால், நிலத்தில் ‘பிரிக்கப்படாத பங்கு’ எவ்வளவு, மாடிப்படி யாருடையது, மொட்டைமாடியில் மேலும் கட்டும் உரிமை எவருக்கு, கிணறும் நடைபாதையும் பொதுவா என்ற நான்கு வினாக்களுக்கும் பாகப்பத்திரத்திலேயே விடை இருக்க வேண்டும்.

7.5 அனுமதி: வரைபடமும் வரியும்

பேரூராட்சி எல்லைக்குள் கட்டப்பட்ட வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பு ஒப்புதல் அளித்த வரைபடம் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கு மட்டும் ஒப்புதல் பெற்று, பின்னர் அனுமதியின்றி மேலே இரண்டு தளங்கள் எழுப்பப்பட்ட வீடுகள் உண்டு. இவற்றுக்கு வங்கிகள், ஒப்புதலுக்கு மேற்பட்ட பரப்பைக் கணக்கில் கொள்ளாமல் கடன் தொகையைக் குறைப்பதோ மறுப்பதோ உண்டு. ஒப்புதல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தளங்களின் எண்ணிக்கை, உயரம், நாற்புறமும் விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றை நாடாவால் அளந்து ஒப்பிட வேண்டும். புதிய பணிகளுக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு உரியது. மூன்றாம் தளம் எழுப்ப அவ்வழி உதவாது.

மனை ஒரு தனியார் மனைப்பிரிவில் அமைந்திருந்தால், அப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றதா, அல்லது 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் விதிகளின்கீழ் வரன்முறை செய்யப்பட்டதா என்பதைக் காட்டும் ஆணை தேவை. சொத்து வரி ரசீதில் பதிவான பரப்பும் தளங்களும் நேரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்பதும் பார்க்கத்தக்கது. வரி ரசீது உரிமைக்கோ அனுமதிக்கோ சான்றாகாது. ஆயினும் எந்த ஆண்டில் எந்தத் தளம் எழும்பியது என்பதை அறிய அது நல்ல தடயமாகும்.

7.6 கட்டடம்: எடையைத் தாங்கும் வழி

மாடிவீட்டின் ஆயுளை அழகு தீர்மானிப்பதில்லை. மேலுள்ள எடை எவ்வழியாக மண்ணுக்குச் சேர்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதில் இரண்டு முறைகள் உண்டு. ‘தாங்கு சுவர்’ முறையில் செங்கல் அல்லது கருங்கல் சுவர்களே தளத்தின் எடையைச் சுமக்கின்றன. ‘பில்லர்’ முறையில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண்களும் பீம்களும் சுமக்கின்றன, சுவர்கள் மறைப்பு மட்டுமே. முதல் முறையில் கட்டிய வீட்டில் அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை இடிப்பது, மேல் தளத்தின் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூசிய ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை கொண்ட பழைய பகுதியின்மீது புதிய தளம் எழுப்பப்பட்டிருந்தால், பொறியாளரின் எழுத்து அறிக்கை இன்றி வாங்குவது தகாது.

எடையின் அளவை ஒரு கணக்கு விளக்கும். 1,200 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 111 சதுர மீட்டர் பரப்புள்ள கான்கிரீட் தளம் 5 அங்குலக் கனத்தில் போடப்பட்டால், கன மீட்டருக்கு 2,500 கிலோ என்ற கணக்கில் அத்தளம் மட்டுமே சுமார் 35 டன் எடை கொண்டதாகிறது. சுவர்கள், தரைக்கல், மனிதர்கள், பொருள்கள் ஆகியவை இதற்கு மேல். மொட்டைமாடியில் 2,000 லிட்டர் தொட்டி நிரம்பும்போது 2 டன் எடை ஓரிடத்தில் அமர்கிறது. ஒரு தளத்துக்கென அமைத்த அடித்தளத்தின்மீது மூன்று தளங்கள் நின்றால், அதன் விளைவு சில மழைக்காலங்கள் கழித்தே தெரியவரும்.

வெடிப்புகளைப் படிக்கும் முறை பின்வருமாறு. பூச்சில் தலைமயிர் போல் மெல்லியதாகத் தோன்றும் வெடிப்புகள் பெரும்பாலும் மேற்பரப்பைச் சேர்ந்தவை. சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறி, ஒருமுனையில் அகன்று செல்லும் வெடிப்பு அடித்தளம் ஒருபுறம் இறங்குவதைக் காட்டும். தூணிலும் பீமிலும் கம்பியின் போக்கில் நீளவாக்காக ஓடும் வெடிப்பும், கான்கிரீட் துண்டு பெயர்ந்து கம்பி தெரிவதும் துருவின் அடையாளங்கள். துரு பிடித்த கம்பி பருத்துத் தன்னை மூடியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. குளியலறைக்குக் கீழுள்ள கூரை, மாடிப்படியின் அடிப்பகுதி, தொட்டியின் கீழ்ப்புறம், சன்ஷேட் ஆகிய நான்கு இடங்களிலும் டார்ச் விளக்கோடு பார்க்க வேண்டும். விற்பனைக்கு முன் புதிதாக வண்ணம் பூசப்பட்ட வீட்டில், வண்ணம் பூசாத மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரும் படிக்கட்டின் அடியும் உண்மையைச் சொல்லும். வடகிழக்குப் பருவமழையின்போது ஒருமுறையேனும் வீட்டைப் பார்ப்பது, கோடையில் பத்து முறை பார்ப்பதைவிடப் பயன் தரும்.

நில அதிர்வும் கருதத்தக்கது. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கு தென்மேற்கே 3.6 அளவிலான சிறு நில அதிர்வு பதிவாயிற்று. ஜப்பானில் 1981 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த நில அதிர்வு விதிக்கு முன் கட்டப்பட்டதா, பின் கட்டப்பட்டதா என்பதே பழைய வீட்டை வாங்குவோரின் முதல் வினாவாக இருக்கிறது. இங்கு அத்தகைய ஒற்றைத் தேதி இல்லாததால், கட்டிய ஆண்டு, தூண்களைப் பிணைக்கும் பீம்கள் ஒவ்வொரு தளத்திலும் தொடர்ச்சியாக உள்ளனவா, வாகன நிறுத்தத்துக்காகத் தரைத்தளம் சுவரின்றித் தூண்களின்மீது மட்டும் நிற்கிறதா என்பவற்றைப் பொறியாளர் அறிக்கையில் குறிக்கச் செய்ய வேண்டும்.

குடும்பத்தின் வயதும் கட்டடத்தோடு பொருந்த வேண்டும். முதியோருக்குத் தரைத்தளத்திலேயே படுக்கையறையும் இருக்கை வகைக் கழிப்பறையும் அமைய இடமுண்டா, படிகள் ஒரே உயரத்தில் உள்ளனவா, இருபுறமும் கைப்பிடி உள்ளதா, மேல் தளத்துக்கு வெளிவழி தனியே உள்ளதா என்பவை, வீடு இன்னும் இருபது ஆண்டுகள் ஒரே குடும்பத்துக்குப் பயன்படுமா என்பதை முடிவு செய்பவை.

7.7 நீர், கழிவுநீர், மின்சாரம்

பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் நிலைநிறுத்தியது. தோல் தொழிற்கூடங்களுக்கு அருகில் வீடு வாங்குவோரும், அவற்றிலிருந்து விலகி மலையடிவாரத்தில் வாங்குவோரும் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை பொறுக்கத்தக்கது. ஃப்ளூரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று, 1.5ஐத் தாண்டக் கூடாது. உப்பு மிகுந்த நீர் குடிக்க உதவாததோடு, அதே நீரில் கலந்த கான்கிரீட்டின் கம்பிகளையும் அரிக்கும் என்பதால், நீர்ச் சோதனை கட்டடச் சோதனைக்கும் துணையாகிறது.

செப்டிக் டேங்க் எங்குள்ளது, கடைசியாக எப்போது கழிவு அள்ளப்பட்டது, அதன் நீர் எங்கே செல்கிறது என்று கேட்க வேண்டும். கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது விலகியிருத்தல் நலம். சிறிய மனைகளில் இவ்வளவு விலகல் அரிது என்பதால், அண்டை வீட்டாரின் குழியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு பெயரளவில் உள்ளதா, மொட்டைமாடியின் குழாய் உண்மையில் குழியோடு இணைந்துள்ளதா என்பதை ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தே அறியலாம்.

மின்சாரத்தில் எத்தனை இணைப்புகள், எவர் பெயரில், எந்தக் கட்டண வகையில் உள்ளன, நிலுவை உண்டா என்பவை இணைப்பு எண் வாரியாக எழுதப்பட வேண்டும். கீழ்த்தளத்தில் கடை இருந்தால் அதன் இணைப்பு வீட்டு வகையில் இருப்பது பின்னர் அபராதத்துக்கு இடமளிக்கும்.

7.8 பணம்: விலையும் அதற்கு மேற்பட்டவையும்

விலையை ஒரே தொகையாகப் பேசாமல், நிலத்தின் விலை, கட்டடத்தின் விலை என இரண்டாகப் பிரித்துப் பேசுவது தெளிவு தரும். ஜப்பானிய வரி முறையில் மரவீட்டின் ஆயுள் 22 ஆண்டுகள் என்றும், குடியிருப்புக் கான்கிரீட் கட்டடத்தின் ஆயுள் 47 ஆண்டுகள் என்றும் கணக்கிடப்படுகின்றன. வயதான வீடுகளின் மதிப்பு அங்கே விரைந்து சரிவதும், 2023ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாகக் கண்டறியப்பட்டதும் அந்நாட்டின் நிலை. இங்கு நிலத்தின் விலையேற்றம் கட்டடத்தின் தேய்மானத்தை மறைத்துவிடுகிறது. முப்பது ஆண்டு பழமையான கட்டடத்துக்குப் புதிய கட்டடத்தின் சதுர அடி விலை கேட்கப்பட்டால், அதை மறுப்பதற்குப் பொறியாளர் அறிக்கையே ஆதாரமாகும்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து பெண்ணின் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக 60 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்படும் வீட்டுக்குத் தீர்வை 4,20,000 ரூபாயும் கட்டணம் 1,20,000 ரூபாயும் ஆகும். வீட்டுக்கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் இருக்கும்போது வங்கி அளிக்கக்கூடிய உச்சவரம்பு மதிப்பில் 80 விழுக்காடு என ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. பதிவுச் செலவு அம்மதிப்பில் சேர்வதில்லை. ஆகவே 48 லட்சம் கடன் கிடைத்தாலும், 12 லட்சமும் பதிவுக்கான 5,40,000 ரூபாயுமாக 17,40,000 ரூபாயைக் குடும்பம் தன் கையிலிருந்து திரட்ட வேண்டும். வழக்கறிஞர், பொறியாளர், பழுதுபார்ப்பு, தரகு ஆகியவை இதற்கு அப்பால்.

விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 விழுக்காட்டை வாங்குபவர் வருமான வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பிடித்தம் வேறு வகையினது, மிகுதியானது. வீட்டு விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடைசெய்கிறது. விலையைக் குறைத்துக் காட்டிப் பதிவதால் கிடைக்கும் சிறு மிச்சம், பின்னாளில் வழக்கு நேரும்போது எழுதப்பட்ட சிறு தொகைக்கே சான்றுள்ளது என்ற பெரிய இழப்பாகும்.

7.9 ஒப்பந்தம் முதல் பட்டா வரை

விவரத்தாளின் வெற்றிடங்கள் நிரம்பிய பின்னரே விற்பனை ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அவ்வொப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டியது கட்டாயம். எந்தத் தேதிக்குள் மீதித் தொகை, எந்தத் தளம் எப்போது காலியாகும், எந்தச் சான்றை விற்பவர் பெற்றுத்தர வேண்டும், அவை நிறைவேறாவிடில் முன்பணம் எவ்வாறு திரும்பும் என்பவை அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். கிரயப் பதிவு நாளன்று காலையில் வில்லங்கச் சான்றை மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் புதிய பதிவு நுழைந்திருக்கக்கூடும். பதிவுக்குப்பின் பட்டா மாறுதல், சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகிய நான்கின் பெயர் மாற்றமும் முடிந்தால்தான் வாங்கும் பணி நிறைவுற்றதாகும்.

7.10 விவரத்தாளின் வடிவம்

கீழ்க்காணும் வினாக்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் விடை, ஆதார ஆவணம், தேதி ஆகியவற்றை நிரப்புதல் வேண்டும்.

1. நிலம்: சர்வே எண், உட்பிரிவு, வகைப்பாடு, அளந்து கண்ட பரப்பு, நான்கெல்லை, விற்கத் தடையில்லை என்பதற்கான சான்று, மனையிலுள்ள சந்தன மரங்கள்.
2. உரிமை: தாய்ப்பத்திரம் முதலான தொடர், பார்த்த அசல்கள், வில்லங்கச் சான்றின் காலம், அனைத்து வாரிசுகளின் பெயரும் ஒப்புதலும்.
3. குடியிருப்போர்: தளவாரியாக வாழ்பவர், ஏற்பாடு, தொகை, காலியாகும் நாள்.
4. அனுமதி: ஒப்புதல் வரைபடத்தின் எண், ஒப்புதல் பெற்ற தளங்கள், நேரில் உள்ள தளங்கள், வேறுபாடு.
5. கட்டடம்: கட்டிய ஆண்டு தளவாரியாக, தாங்கும் முறை, வெடிப்பு, துரு, கசிவு, பொறியாளரின் முடிவு.
6. நீரும் மின்சாரமும்: நீர்ச் சோதனை முடிவு, கழிவுநீர்க் குழியின் இடம், மின் இணைப்புகளும் நிலுவையும்.
7. பணம்: நில விலை, கட்டட விலை, பதிவுச் செலவு, கடன், கைப்பணம், பழுதுபார்ப்புச் செலவு.

இத்தாளை நிரப்பச் சில வாரங்களும் சில ஆயிரம் ரூபாயும் ஆகும். அதன் ஒரு படியைக் கிரயப் பத்திரத்தோடு பாதுகாத்து வைக்கும் குடும்பம், பிற்காலத்தில் தன் வீட்டைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும்போதோ விற்கும்போதோ அதை அப்படியே அடுத்தவர் கையில் கொடுக்க முடியும். விற்பவர் தாமாகவே இத்தாளை நீட்டும் வழக்கம் வேரூன்றும் நாளில், வாங்குபவரின் அச்சமும் விற்பவரின் மனவருத்தமும் ஒருசேரக் குறையும். அதுவரை, எழுதப்படாத ஒரு வரியைக்கூட நம்பிக்கையால் நிரப்பாமல் ஆவணத்தால் நிரப்புவதே வாங்குபவரின் கடமை.